கடிவாளத்துக்கு ஓர் இடம்

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: புல்லைக் கொய்கிற முன்பற்களுக்கும் அதை அரைக்கிற கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, மூன்று நான்கு விரல் அகலத்துக்குப் பல்லே இல்லாத வெற்று ஈறு ஒன்று, கைக்குழந்தையின் வாய்போல வழுவழுப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கடிவாளத்தின் இரும்பு கிடப்பது அங்கேதான். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, என் தாத்தா ஒரு கிழட்டு மட்டக்குதிரையின் வாயோரத்தில் என் ஆள்காட்டி விரலை நுழைத்து, அந்த ஈறைத் தடவச் செய்து, "பாத்தியாலே, கடிவாளம் போடணும்னே கடவுள் எடம் விட்டு வச்சிருக்கான்" என்று சொன்னார். குதிரை என் விரலை மெல்ல நாக்கால் புரட்டியது, கடிக்கவில்லை. அந்த ஈரமும் அந்த வாக்கியமும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு இருக்கின்றன. தாத்தா சொன்னது உண்மைதானா என்ற ஐயத்திலேயே என் குதிரையேற்ற வாழ்க்கை முழுதும் கழிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறி வந்தவர். 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளைக்காரர் குத்தகைக்கு எழுதி வாங்கிய கண்ணன் தேவன் மலைகளில், 1880-இல் பார்வதித் தோட்டத்தில் முதல் தேயிலை ஊன்றப்பட்ட பிறகு, காடு பின்வாங்கப் பின்வாங்கக் கூலிகளும் கங்காணிகளும் துரைமாரும் வந்து நிறைந்தார்கள். முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையும் கூடுகிற இடத்தில் ஊர் உண்டாயிற்று. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் அதன் இடத்தில் சிறிய ரயிலும், டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கும் கம்பித் தொட்டிகளும் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தன; 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலை அடியோடு அடித்துக்கொண்டு போயிற்று. தண்டவாளம் போன இடங்களுக்கும் போகாத இடங்களுக்கும், மேகத்துக்குள் செங்குத்தாக ஏறுகிற ஒற்றையடித் தடங்களுக்கும் துரைமாருக்குத் துணையாயிருந்தவை குதிரைகளே. ஒரே குதிரைதான் காலையில் தேயிலைக் காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகும், நடுப்பகலில் தபால் பையைச் சுமக்கும், விடுமுறை நாளில் பந்தயம் ஓடும், அடைமழை இரவில் மருத்துவரை அழைத்து வரும். இன்ன வேலைக்கு இன்ன குதிரை என்று பிரித்து வைத்துக்கொள்ளும் சௌகரியம் மலைக்குக் கிடையாது. என் தாத்தா அத்தகைய குதிரைகளுக்குக் கொள்ளு ஊறவைத்தும், உடம்பு தேய்த்தும், குளம்பு சுரண்டியும் தம் ஆயுளைக் கழித்த குதிரைக்காரர். ஏறி ஓட்டும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

எங்கள் மலையில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். குதிரை கட்டுகிற இடத்துக்கு லாயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த லயத்திலிருந்து அதிகாலையில் எழுந்துபோய், ஒரு குதிரைக்கு ஓர் அறையாகக் கட்டிய லாயத்தைத் தாத்தா கூட்டினார். இதைக் கசப்போடு அவர் ஒருநாளும் சொன்னதில்லை; நான்தான் கசப்போடு நினைக்கிறேன். ஆயினும், மனம் தன் மூலத்தில் போய் ஒடுங்குவதையும் யோக நூல்கள் லயம் என்றே சொல்கின்றன என்று பிற்காலத்தில் அறிந்தபோது, அந்தச் சொல்லின் மூன்று வாசல்களுக்கும் நடுவில் நிற்கிற ஆளாக என் தாத்தாவையே கண்டேன். குதிரையின் முதுகைத் தேய்க்கையில் அவர் பேசமாட்டார். மூச்சும் அதன் மூச்சோடு சேர்ந்தே போகும்.

கடவுள் விட்டுவைத்த இடம் என்ற அவருடைய சித்தாந்தம் என் நடுவயதில் உடைந்தது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இரவிகுளத்தில், ராஜமலைச் சரிவில், வனக்காவலர் ஒருவர் செத்துப்போன வரையாடொன்றின் மண்டையோட்டைத் திருப்பிக் காட்டினார். வெயிலில் வெளுத்த அந்தத் தாடையில், முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நடுவே அதே வெற்றிடம்! அங்கேயே குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மானுக்கும் மாட்டுக்கும் முயலுக்கும்கூட அது உண்டு. முன்னால் கொய்வதையும் பின்னால் அரைப்பதையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நடுவில் நாக்குப் புரள இடம் தேடுகிற தாவர பட்சிணிகளின் பொதுவான உடலமைப்பு அது. ஆனைமுடியின் பாறை விளிம்பில் தாவுகிற வரையாட்டுக்கு எவரும் கடிவாளம் பூட்டியதில்லை. ஆகவே அந்த இடம் நமக்காக விடப்பட்டதன்று. நாம் கண்டுபிடித்துப் புகுந்துகொண்ட இடம் அது. சிருஷ்டி முழுதும் மனிதனின் உபயோகத்துக்கென்றே ஏற்பட்டது என்று நம்புகிறவர்களுக்குக் குதிரையேற்றத்தில் தர்மசங்கடம் ஏதுமில்லை. அந்த நம்பிக்கையை ஒரு மண்டையோட்டின் முன் இழந்துவிட்ட எனக்கோ, தன் இச்சையுடைய மற்றொரு பிராணியின் வாயில் இரும்பை வைத்து அதன் முதுகில் ஏறி உட்கார எந்த நியாயத்தால் எனக்கு அதிகாரம் வந்தது, அதற்கு அந்தப் பிராணியின் சம்மதம் என்பதாக ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எப்படி அறிவது என்ற கேள்விகள், பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகளாயின.

இதை நான் வெறும் தர்க்கமாகக் கேட்கவில்லை. என் கை செய்த ஒரு பாவம் அதற்குள் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில், தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தனாகச் சேர்ந்து சேர்த்த பணத்தில், ஒரு செம்மண் நிற மட்டக்குதிரையை வாங்கினேன். என்னைக் கண்டால் அது கழுத்தை நீட்டி, என் சட்டைப் பையில் மூக்கை விட்டு, அங்கே இருக்கும் மறையூர் வெல்லத் துண்டை முகர்ந்து எடுத்துக்கொள்ளும். குண்டளைப் பக்கம் ஓர் ஓடையின்மேல் கிடந்த மரப்பாலத்தில் கால் வைக்க அது மறுத்தது. பாலத்தில் ஒரு குறையும் இல்லை. அதன் அச்சத்துக்குத் தன் குளம்பின்கீழ்ப் பலகை அதிர்ந்தது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. அக்கரையில் நண்பர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாகப் பட்டது. கடிவாளத்தை இழுத்து இழுத்து அதன் வாயோரம் கிழிந்தது. சவுக்கின் காம்பு முறிந்தது. கடைசியில் அது உடல் நடுங்க, கண்ணின் வெண்மை தெரிய, பாலத்தைக் கடந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எந்தப் பாலத்திலும் அது தயங்கியதில்லை. "சொன்ன பேச்சு கேக்குற குதிரை" என்று ஊரே மெச்சிற்று. அதற்குப் பிறகு அது பதினொரு ஆண்டுகள் உயிரோடிருந்தது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒருமுறையேனும் என் சட்டைப் பையில் அது மூக்கை விடவில்லை. உள்ளங்கையில் வைத்து வெல்லத்தை நீட்டினால் தின்னும். தானாகத் தேடி வராது. அதன் உடம்பு என்னிடம் வேலை பார்த்தது. அதற்குள்ளிருந்த ஒருவர் அன்றைக்கே அந்தப் பாலத்தடியில் இறங்கிப் போய்விட்டார்.

கடோபநிடதத்தில் யமன் நசிகேதனுக்குச் சொல்லுகிற தேர் உவமையை அறியாதார் இல்லை. உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், இந்திரியங்கள் குதிரைகள், ஆத்மா தேரில் அமர்ந்த தலைவன். இந்த உவமையை உபந்நியாசகர்கள் விரிக்கும்போதெல்லாம், கடிவாளம் என்றவுடனே இழுத்துப் பிடிப்பது என்றே பொருள் கொள்ளுகிறார்கள். வாழ்நாளில் ஒரு கடிவாளத்தை முனையில் பிடித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இழுத்த கடிவாளம் செவிடு. நல்ல கையில் அது தொய்வதுமில்லை, விறைப்பதுமில்லை. குதிரை நாக்கை அசைப்பதும், மூச்சை அடக்குவதும், தூரத்து வாசனையொன்றுக்கு உடம்பை இறுக்குவதும் அந்தத் தோல்வாரின் வழியே விரலுக்கு வந்து சேரும். கட்டளை போகிற வழியைக் காட்டிலும் செய்தி வருகிற வழியாகவே அது அதிகம் பயன்படுகிறது. மேலும், அந்த உபநிடதம் துஷ்டக் குதிரைகளைப் பற்றிச் சொன்ன கையோடு நல்ல குதிரைகளைப் பற்றியும் சொல்லுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. குதிரைகளை அவிழ்த்துவிட்டோ கொன்றுவிட்டோ நடந்து போ என்று யமன் சொல்லவில்லை. பயணத்தின் முடிவு வரை அவை தேவை. யோகம் என்ற சொல்லே பூட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். புலன்களை ஒடுக்குவது பற்றி எழுதிய நம்மவர்களில் எத்தனையோ பேர், நான் பாலத்தடியில் செய்ததையே தம் உடம்புக்கும் மனத்துக்கும் செய்துவிட்டு, அதை வைராக்கியம் என்று அழைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

புத்தரிடம் வந்த குதிரைப் பயிற்சியாளன் ஒருவனைப் பற்றி அங்குத்தர நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. அவன் பெயர் கேசி. கண்ணன் வதைத்த குதிரை வடிவ அசுரனுக்கும் அதே பெயர்தான். குதிரையை எப்படிப் பழக்குவாய் என்று புத்தர் கேட்க, சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவேன் என்கிறான். எதற்கும் வசப்படாததை, தன் குருபரம்பரைக்கு இழுக்கு வராதபடி, கொன்றுவிடுவேன் என்கிறான். நீங்கள் மனிதரை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்க, நானும் அவ்வாறே, வசப்படாதவனை நானும் கொல்லுவேன் என்கிறார் கொல்லாமையைப் போதித்த மகான். அவன் திடுக்கிட, அறிவுரைக்கு உரியவனல்லன் என்று ஒருவனைக் கைவிடுவதே எங்கள் மரபில் கொலை என்று விளக்குகிறார். இந்தச் சூத்திரத்தை நான் படிக்கும்போதெல்லாம், நான் அந்தச் செம்மண் குதிரையைக் கைவிட்டேனா, அது என்னைக் கைவிட்டதா என்று எண்ணுவேன். அது என்னைப் போதனைக்கு உரியவனல்லன் என்று தீர்மானித்துவிட்டது என்பதே சரியென்று தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரே, பாரதத்தின் துரோண பர்வத்தில் எனக்கு மிகப் பிரியமான காட்சி ஒன்றிருக்கிறது. சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வதாக அர்ச்சுனன் சபதம் செய்துவிட, ஒவ்வொரு கணமும் உயிர்க்கணமாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த நாளின் நடுவில், குதிரைகள் களைத்துவிட்டன என்று கண்ணன் தேரை நிறுத்துகிறான். அர்ச்சுனன் தரையில் நின்று பகைவரைத் தடுக்கிறான். அம்பெய்து நிலத்திலே நீர்நிலை உண்டாக்குகிறான். பகவான் குதிரைகளைப் பூட்டவிழ்த்து, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, தேய்த்துவிட்டு, நீர் காட்டி, தீனி வைத்து, களைப்பு நீங்கிய பிறகே மறுபடி பூட்டுகிறான். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புத் தழும்புகளைச் சேவித்து நம்மவர் உருகுகிறார்கள், நானும் உருகியதுண்டு. ஆனால் என் கண் அந்தக் கைகளைத் தேடும். குதிரை வியர்வையின் நாற்றம் படிந்த கைகள் அவை, என் தாத்தாவின் கைகளைப்போல.

நரியைப் பரியாக்கிய லீலையை மதுரையில் ஆவணி மூலத்தை ஒட்டி ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். குதிரை வாங்கக் கொண்டுபோன பாண்டியன் பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட வாதவூரருக்காக, சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வாணிகனாய் ஓட்டி வந்து, அரசன் முன்னிலையில் அவற்றின் ஐங்கதிகளையும் காட்டி ஒப்படைத்தான். பகலெல்லாம் கயிறு மாற்றிக் கொடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். இரவில் லாயத்தில் அவை நரிகளாகி, உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பக்தனுக்கு இது அருளின் கதை. குதிரைக்காரனுக்கு இதில் இன்னொரு பொருளும் தட்டுப்படும். அரசன் பார்க்கையில் குதிரையாக இருப்பது பெரிதல்ல; எவரும் பார்க்காத இரவில், லாயத்தில், அது எதுவாக இருக்கிறது?

ஈரோட்டுக்கு வடக்கே அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடுகிற குதிரைச் சந்தையில், என் ஐம்பத்தோராம் வயதில், ஒரு கத்தியவார் பெண் குதிரையை வாங்கினேன். அந்த இனத்தின் காதுகள் உட்புறம் வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும்; நெற்றிக்கு மேலே ஒரு சிறு தோரணவாயில் வைத்ததுபோல இருக்கும். அது நாட்டியக் குதிரை. மேளம் கேட்டவுடன் முன்னங்கால்களை மாற்றி மாற்றி மார்புவரை உயர்த்தி, கழுத்தை வில்லாக வளைத்து ஆடும். சந்தையில் கூட்டம் மெய்ம்மறந்து பார்த்தது. பழைய நிகண்டுகள் ஐங்கதிகளில் ஒன்றுக்கு மயூரகதி என்று ஏன் பெயர் வைத்தன என்பது அன்று எனக்குப் புரிந்தது.

மலைக்குக் கொண்டுவந்த மூன்றாம் மாதத்தில், லயத்துக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல். இரவு பத்து மணிக்குமேல் மேளம் எழுந்தது. நான் விளக்கை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். இருட்டில், பார்ப்பவர் ஒருவருமில்லாமல், கயிற்றில் கட்டப்பட்டபடி அது ஆடிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரை ஒத்த குளிர். ஆயினும் அதன் விலாவிலிருந்து ஆவி பறந்தது. காதுகள் முன்னும் பின்னும் போகாமல், கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன. காலைத் தூக்குவதும் வைப்பதும் தாளத்துக்குச் சிறிதும் பிசகவில்லை. நான் போய்க் கழுத்தில் கைவைத்தேன், நிற்கவில்லை. மேளம் நின்றபோதுதான் நின்றது. அது ஆனந்தத் தாண்டவமா அச்சத் தாண்டவமா என்று அந்த விளக்கொளியில் நான் அறிந்த அளவுக்கு எந்த நூலிலும் அறிந்ததில்லை. எங்கோ, எப்போதோ, மேளம் ஒலிக்கையில் ஆடாமல் நின்றதற்காக அதன் கால்களில் எதுவோ விழுந்திருக்கிறது.

அதை மறக்கச் செய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின. கொள்ளு வைக்கும் நேரத்தில், தோட்டத்தின் மறுகோடியில் ஒரு பையனை நிறுத்தி, தகரத்தை விரலால் மெல்லத் தட்டச் சொன்னேன். அது தலையைத் தூக்கினால் தட்டுவது நிற்கும், மறுபடி தின்னத் தொடங்கினால் தொடங்கும். வாரத்துக்குச் சில அடிகளாகத் தகரம் நெருங்கிற்று. இதனிடையே மலையின் பாடங்களையும் கற்றுக்கொடுத்தேன்: தேயிலைச் செடிகளுக்கிடையே ஓர் ஆள் அகலத் தடத்தில் உடம்பை ஒடுக்கி நடப்பது, தென்மேற்குப் பருவக்காற்றில் விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டுவது, மாட்டுப்பட்டிப் பக்கம் புது யானை லத்தியின் வாடைக்கு மிரளாமல் நிற்பது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர் மூவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவது. மழை மாதங்களில் குளம்புக்கு மேலே அட்டை ஏறாமல் சுண்ணாம்பும் புகையிலையும் அரைத்துத் தடவுவேன். அப்போது அது ஒவ்வொரு காலையும், கேட்பதற்கு முன்பே, என் மடியில் தூக்கி வைக்கும். எந்தப் பாடத்திலும் அது மறுத்த இடத்தில் நான் இறங்கினேன், முன்னால் நடந்தேன், சில சமயம் திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். பாலத்தில் முதன்முதலாக அது கால் வைக்க ஒன்பது நாள் ஆயிற்று.

1904-இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று உலகமே வியந்தது. விடையின் எண்ணிக்கைக்குச் சரியாகக் குளம்பைத் தட்டி நிறுத்தும். 1907-இல் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதையும், சரியான எண் வந்தவுடன் கேட்பவர் தம்மை அறியாமலே தலையை ஓர் இழை அசைப்பதைக் கண்டுதான் அது நிறுத்துகிறது என்பதையும் நிரூபித்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் ஏமாற்றமடைந்தது. மனிதன் தானே அறியாத தன் அசைவை ஒரு பிராணி அறிந்ததே, கணக்கைவிட அது எவ்வளவு பெரிது!

பாகப்பிரிவினையில் மனம் கசந்து, ஆறு ஆண்டுகளாக என் அண்ணனோடு நான் பேசவில்லை. அவர் வீடு நான் தினமும் போகும் வழியில்தான். ஒரு நாள் மாலை, பனி இறங்கும் நேரத்தில், அந்த வாசலுக்கு நேரே குதிரையின் நடை தளர்ந்து, நின்றேவிட்டது. அதற்கு என் அண்ணனையும் தெரியாது, பங்கையும் தெரியாது. என் இடுப்பின் கனம் அந்த வாசலில் மாறியிருக்க வேண்டும். என் மூச்சு ஒரு கணம் தங்கியிருக்க வேண்டும். நான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தவன் போகச் சொன்னான்; எனக்குள்ளிருந்த வேறொருவன் நிற்கச் சொன்னான்; குதிரை இரண்டாமவனுக்குக் கீழ்ப்படிந்தது. செலுத்துகிறவன் யார், செலுத்தப்படுவது யார், தேரில் அமர்ந்தவன் உண்மையில் எவன் என்ற கேள்வியை அதைவிடத் தெளிவாக எந்தக் குருவும் எனக்குக் கேட்டதில்லை. அன்று நான் இறங்கவில்லை, மறுவாரம் இறங்கினேன்.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான். காலையில் லாயத்துக் கதவைத் திறந்து, கடிவாளத்தின் இரும்பை என் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொண்டு, அதன் மூக்குக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாய்க்குள் திணிப்பதில்லை. அது முகரும், ஒரு காதை வெளியே மலையின் பக்கமும், ஒரு காதை என் பக்கமும் வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்கும், பிறகு தலையைத் தாழ்த்தி, உதடுகளால் இரும்பைத் தேடிப் பிடித்து, அந்தப் பல்லில்லாத இடத்துக்குத் தானே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். என் பேரன் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எடுத்துக்கலேன்னா என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேட்டான்.

போன கார்த்திகையில் ஒரு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முகர்ந்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளிரோ, பல்வலியோ, சும்மாவேதானோ. கயிற்றை அவிழ்த்து, புல்வெளிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அன்று நடந்தே போனேன்.